அட்வான்ஸ் அண்ணாச்சியின் ஸ்தோத்திரக் கூட்டம்

நடக்காத காரியத்துக்கு முதலில் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, அப்புறம் அது நடக்கிறதா என்று காத்திருந்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் அட்வான்ஸ் அண்ணாச்சிதான். இன்னொருவர் உண்டு என்று யாராவது எழுதிப்போட்டால் நான் நம்பப்போவதில்லை.

எழுபதுகளில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கிளார்க். அவர் கொழுந்து லாரி டிரைவர். அடுத்தடுத்த வீடு. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சல் குணமானாலோ, மகனுக்கு வேலை கிடைத்தாலோ கடவுளுக்கு நன்றி சொல்ல வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பார்கள். சபையை நடத்தும் உபதேசியார் வந்து ஜெபிப்பார். நாலு பாட்டு, ஆளுக்கொரு பன், பால் விடாத கட்டன் சாயா. ஊர் உலகமெல்லாம் காரியம் கைகூடிய பிறகுதான் இதை வைக்கும். அண்ணாச்சி முன்னாலேயே வைத்துவிடுவார். சம்பளத்துக்கு முன்னால் வாங்குவதற்கு எஸ்டேட்டில் என்ன பெயரோ, அதையே அவருக்கும் வைத்துவிட்டோம்.

"கையில வாங்கினப்புறம் கடைக்காரனுக்குக்கூடத்தாம்வே நன்றி சொல்லுதோம். ஆண்டவருக்கும் அதே மரியாததானா?" என்பார்.

மச்சினனுக்குக் கரண்ட் ஆபீசில் வேலை கிடைக்கும் என்று ஒரு கூட்டம். வேலை வேறு யாருக்கோ போனது. "இப்ப என்ன சொல்லுதீங்க அண்ணாச்சி?" என்று மடக்கினேன்.

"நீரு தின்ன பன்னைத் திருப்பியா கேட்டேன்? சோலியப் பாரும்வே" என்றார்.

லாரி ஓட்டுவதிலும் அதே கதைதான். கொண்டை ஊசி வளைவு கண்ணில் பட்டதுமே "ஸ்தோத்திரம்!" என்று ஒரு சத்தம் போடுவார். அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங் திரும்பும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு ஈரக்குலை நடுங்கும். "அண்ணாச்சி, மொதல்ல பிரேக்க மிதிங்க!" என்று கத்துவேன். அந்த லாரியோ, நாலு தூறல் விழுந்தால் நின்றுவிடும் ஜாதி. "ஸ்டார்ட் ஆனதுக்கு ஸ்தோத்திரம்" என்று சாவியைத் திருப்புவார். அது ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிவிடும். முழங்கால் சேற்றில் நாங்கள் தள்ளுவோம். அவர் தலையை வெளியே நீட்டி, "தள்ளுததுக்கு இத்தன ஆளக் குடுத்தாரே, அதுக்கும் ஸ்தோத்திரம்!" என்பார். எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அளவே கிடையாது.

சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் மனைவி எஸ்தர் மைனி கொழுந்து கிள்ளுகிறவர். தலைப்பிள்ளைக்கு மாசம் முற்றும் முன்பே அண்ணாச்சி கூட்டம் வைத்தார். பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அடுத்த பிள்ளைக்கும் விடாமல் வைத்தார். அது அழாமலே பிறந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வாய்கள் சும்மா இருக்குமா? "பொறக்கு முன்னாலயே பன்னு குடுத்தா வெளங்குமா?" என்று குழாயடியில் பேசினார்கள், மைனி காதில் விழும்படியாகவே.

அந்தப் பிள்ளையை அடக்கம் செய்தபோது, கல்லறையில் உபதேசியார் ஜெபிக்க வாயெடுப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "ஆண்டவரே, நீரு செஞ்சது எனக்குப் பிடிக்கல. இனி ஒம்மகூடச் சண்டைதான். ஆனா ஒம்மள விட்டா வேற யாருகிட்டப் போயி நான் சண்ட போட?"

இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் உபதேசியார் திகைத்து நின்றார். நான் சொல்லிவிட்டேன்.

அப்புறம் தினமும் லாரியில் சண்டைதான். இரண்டு வளைவுக்கு நடுவே ஆண்டவரை வாய்க்கு வந்தபடி கேட்பார். வளைவு வந்ததும் நிறுத்திவிட்டு, "ஸ்தோத்திரம்!" என்பார். திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடரும்.

மைனி மறுபடி உண்டானபோதுதான் விபரீதம். மாசங்கள் ஓடின, கூட்டத்தைக் காணோம். வளைவுகளில் சத்தம் இல்லை. சண்டையும் நின்றுபோனது. ஒழுங்காகப் பிரேக்கை மிதித்து ஓட்டினார். அதுவரை எந்த வளைவிலும் வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.

"என்ன அண்ணாச்சி, பன்னு எப்போ?"

"வேண்டாம்வே. இந்தத் தடவ வாயத் தொறந்து நானே கெடுக்க மாட்டேன்" என்றார். குழாயடிப் பேச்சு அவர் நெஞ்சுக்குள்ளேயும் போய்விட்டிருக்கிறது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்தபோது, நிறைமாத மைனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். "இப்ப எங்க வீட்டுல ஸ்தோத்திரக் கூட்டம். எல்லாரும் வந்திருங்க."

அண்ணாச்சி பதறிப்போனார். "ஏட்டி, வேண்டாம்ட்டி!"

"பிள்ளையத் தந்தாலும் அவரு என் ஆண்டவருதான், தராட்டாலும் அவருதான். குழாயடியப் பாத்துப் பயந்து என்னால வாயப் பொத்திக்கிட்டு இருக்க முடியாது. நீங்க போயி பன்னு வாங்கிட்டு வாங்க."

அண்ணாச்சி கடைக்கு ஓடினார்.

கூட்டம் தொடங்கி, இரண்டாவது பாட்டின் நடுவில் மைனிக்கு வலி எடுத்துவிட்டது. வெளியே மழை ஊற்றுகிறது. ஆசுபத்திரியோ மலைக்குக் கீழே. எஸ்டேட் துரையிடம் அனுமதி கேட்க ஏது நேரம்? ஷெட்டிலிருந்து கொழுந்து லாரியை எடுத்தார்கள். முன்னால் மைனியும் மருத்துவச்சியும், பின்னால் பன்னும் கையுமாகச் சபை முழுவதும். நனைந்த லாரி வழக்கம்போல நாலு அடி போய் நின்றது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகச் சேற்றில் குதித்தார். தள்ளினோம் பாருங்கள் ஒரு தள்ளு! குழாயடியில் பேசிய பெண்களும் சேர்ந்துதான் தள்ளினார்கள். லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது.

முதல் வளைவு வந்தது. அண்ணாச்சியின் சத்தத்தைக் காணோம். வலிக்கு நடுவிலும் மைனி போட்ட சத்தம் பின்னால் எங்களுக்குக் கேட்டது: "வளைவு வருதுல்லா! வாயத் தொறங்க!"

"ஸ்தோத்திரம்!" என்று அலறினார் அண்ணாச்சி. பின்னாலிருந்து சபையே "ஸ்தோத்திரம்!" என்றது. மலை இறங்கும்வரை ஒரு வளைவையும் விடவில்லை. எதிரே வந்த பஸ்காரன் ஏதோ கட்சி ஊர்வலம், ஜாதா என்று நினைத்து ஓரங்கட்டி நின்றான்.

ஆசுபத்திரி வராந்தாவில் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றோம். உள்ளேயிருந்து வந்தது ஒரு அழுகை. அப்பப்பா, என்ன தொண்டை அது! பெண் பிள்ளை. அண்ணாச்சியின் கையில் கொடுத்தார்கள். காரியம் கைக்கே வந்துவிட்டது, இப்போது சொல்லப்போகிற ஸ்தோத்திரத்தில் கூரை பறக்கும் என்று நாங்கள் காத்திருந்தோம். மனிதர் வாயே திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் கொட்டுகிறது. "சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

கட்டிலில் கிடந்த மைனி சிரித்தார். "அவரத் தொந்தரவு பண்ணாதீங்க தம்பி. அதான் முன்னாலயே சொல்லியாச்சே."

போன மாதம் எனக்குக் கண் ஆபரேஷன். முந்தின நாளே பன் வாங்கி வார்டு முழுக்கக் கொடுத்தேன். "எதுக்கு சார், இன்னும் ஆபரேஷனே ஆகலையே?" என்றாள் நர்ஸ். "எங்க அண்ணாச்சி இருந்தா இப்படித்தான் செய்வாரும்மா" என்றேன், மறுநாள் கட்டுப்போடப் போகிற கண்ணைத் துடைத்துக்கொண்டு.