சாக மறுத்த லேப்டாப்

"இந்த லேப்டாப் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டது கைத்தொலைபேசி. கீழே இரண்டே கட்டங்கள். ஆமாம். இல்லை.

விக்னேஸ்வரன் முதலில் 'இல்லை'யைத்தான் அழுத்தினார். "மன்னிக்கவும், இது வாங்கியவர்களுக்கு மட்டுமான குழு" என்று பதில் வந்தது. இரண்டு நிமிடம் யோசித்தார். மறுபடி உள்ளே போய் 'ஆமாம்' என்று அழுத்தினார்.

"வருக! கெடா மாநிலப் பயனாளர் குழுவின் நான்காவது உறுப்பினர் நீங்கள்" என்றது திரை.

மலேசியாவில், பீடோங் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் அவர் பதினாறு வருடமாகக் கணக்கெழுதும் கிராணி. மேனேஜரிடம் மழையைப் பற்றியும் மாமியாரிடம் வேலையைப் பற்றியும் பொய் சொல்லிப் பழக்கம் உண்டு. ஆனால் இல்லாத பொருளை இருக்கிறது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

எல்லாம் அந்தக் கழற்றி மாட்டும் லேப்டாப்பால் வந்தது. வெளிநாட்டுத் தயாரிப்பு. திரை கெட்டால் திரையை மட்டும் மாற்றலாம், பேட்டரி போனால் பேட்டரியை மட்டும். ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். பத்து வருடம் ஓடும் என்றார்கள். பதினான்கு மாதமாக அவர் அதன் படத்தைத் தினமும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்.

"வாங்கிடலாம்லா. குறுக்க என்னதான் நிக்குது?" என்றாள் மனைவி குணசுந்தரி. அவள் வீட்டிலிருந்தே ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். அவளுடைய பழைய லேப்டாப்பைச் சுவரில் சாய்த்து வைத்தால்தான் திரையில் வெளிச்சம் வரும். யாராவது தும்மினால் அணைந்துவிடும்.

"வெல ரெண்டு லேப்டாப்போட வெலயா இருக்கு."

"பத்து வருஷம் ஓடும்னீங்க?"

"லேப்டாப் ஓடும். கம்பெனி ஓடணுமே? அது மூடிட்டா சாமானுக்கு எங்க போறது? சுங்கைப் பட்டாணியில எந்தக் கடையிலயும் இது கெடையாது. நானே கழட்டணும், ஒரு ஸ்க்ரூ சோபாவுக்கு அடியில போச்சுன்னா? எல்லாத்துக்கும் மேல, கண்ணால ஒரு தடவ பாக்காம எப்படி வாங்கறது?"

"என்னை மட்டும் எத்தன தடவ பாத்தீங்க? ஒரே தடவ. அப்பவும் கேசரியத்தான் பாத்தீங்க."

அதனால்தான் குழுவில் சேர்ந்தார். வாங்கியவர் நாலு பேர் பேசுவதைக் கேட்டால் தைரியம் வரும் என்று நினைத்தார்.

ஆனால் குழுவில் யாரும் பேசவில்லை. எல்லாரும் கேள்விதான் கேட்டார்கள். சுங்கைப் பட்டாணியில் இருக்கும் குழுத் தலைவர் டெனிஸ், "புதிய நண்பரே, உங்களோடது ரொம்ப சூடாகுதா?" என்றார். பெண்டாங்கில் தையல்கடை வைத்திருக்கும் நவமணி, "அண்ணே, மூடி ஆடுதா?" என்றார். காளிதாசன் என்பவர் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று கேட்டார்.

விக்னேஸ்வரனுக்குப் பதில்கள் மனப்பாடம். பதினான்கு மாதமாக வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்திருக்கிறாரே. "லேசா சூடாகும், கவலை வேண்டாம்" என்று எழுதினார். "ஏழு மணி நேரம். பொறுமையா இருந்தா எட்டு" என்றும் எழுதினார். மூன்றே வாரத்தில் எல்லாரும் அவரைக் குரு ஸ்தானத்தில் வைத்து 'சிஃபு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அலுவலகத்தில் பதினாறு வருடத்தில் ஒருவரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை டெனிஸ் எழுதினார். "சிஃபு, எங்க சர்ச்சு அகத்தா டீச்சர் பெண்டாங்ல பாலர் பள்ளி நடத்துறாங்க. நீங்க சொன்னத நம்பி அஞ்சு லேப்டாப் வாங்கப் போறாங்க. வாங்கறதுக்கு முன்னால ஒரு தடவ தொட்டுப் பாக்கணுமாம். ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு சுங்கைப் பட்டாணியில எல்லாரும் ஒண்ணா சாப்பிடுவோம். உங்க லேப்டாப்பக் கொண்டாங்க."

விக்னேஸ்வரன் அதை இரண்டு தடவை படித்தார். "மன்னிக்கணும், திரை கெட்டு ரோசாக் ஆயிருச்சு. ஒண்ணுமே தெரியல" என்று தட்டினார்.

நவமணி உடனே வந்தார். "அதுக்கென்னண்ணே, கேபிள் மாட்டி டிவியில பாத்துக்கலாம். கொண்டாங்க."

செவ்வாய்க்கிழமை அவர் கீபோர்டில் கோப்பியைக் கொட்டினார், எழுத்தில்தான். "அஞ்சு நிமிஷ வேல சிஃபு. கழட்டிக் காயப் போடுங்க. நீங்கதான எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?" என்றார் டெனிஸ்.

புதன்கிழமை மெயின்போர்டே எரிந்துவிட்டது. "ஐயோ" என்று எழுதினார் காளிதாசன். பின்னாலேயே இன்னொன்று வந்தது. "அப்ப உள்ள இருக்கறதெல்லாம் நல்லா பாக்கலாம்லா! அப்படியே தூக்கிட்டு வாங்க சிஃபு, எல்லாரும் சேந்து மாட்டிடலாம்."

விக்னேஸ்வரன் தலையைப் பிடித்துக்கொண்டார். சாதாரண லேப்டாப்பாக இருந்திருந்தால் இந்நேரம் மூன்று தடவை செத்து அடக்கமும் ஆகியிருக்கும். இது சாகவே மாட்டேன் என்கிறது.

வியாழக்கிழமை மதியம், ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று, "நண்பர்களே, மனசு உடைஞ்சு எழுதறேன். நிறுத்தியிருந்த காடிக் கண்ணாடிய ஒடச்சு லேப்டாப்பத் திருடிட்டானுங்க" என்று அனுப்பினார். கூடவே அழும் முகம் மூன்று.

காளிதாசனிடமிருந்து பதில் வந்தது. "எந்த பாலாய்ல ரிப்போட் கொடுத்தீங்க? நான் போலீஸ்தாண்ணே. நம்பர் அனுப்புங்க, நானே கேஸப் பாக்கறேன்."

காளிதாசன் என்ன வேலை பார்க்கிறார் என்று அதுவரை விக்னேஸ்வரனுக்குத் தெரியாது. பொய்ப் புகாருக்கு எத்தனை மாதம் உள்ளே வைப்பார்கள் என்றும் தெரியாது. உடனே எழுதினார். "கெடச்சிருச்சு. சீட்டுக்கு அடியிலதான் இருந்திருக்கு."

"கண்ணாடி?"

"அதுவும் ஒடயல. வெயில்ல சரியாத் தெரியல."

"கடவுளுக்கு நன்றி! அப்ப ஞாயித்துக்கிழம பாக்கலாம்" என்றார் டெனிஸ்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார். முழு லேப்டாப்பைத்தானே காட்ட முடியாது? ஒரு பை நிறையப் பாகங்களைக் கொண்டுபோய், "கழட்டிட்டேன், மாட்டத் தெரியல" என்று கொட்டிவிட்டால்? பாகம் எந்த லேப்டாப்புடையது என்று யாருக்குத் தெரியப் போகிறது?

சனிக்கிழமை காலை குணசுந்தரி பசாருக்குப் போனதும், சுவரில் சாய்ந்திருந்த அவளுடைய லேப்டாப்பை எடுத்து மேசையில் குப்புறப் போட்டார். பதினொரு ஸ்க்ரூ கழற்றியும் மூடி அசையவில்லை. கரண்டியைச் செருகி நெம்பினார். 'டக்' என்றது. மூடியோடு திரையின் ஒரு மூலையும் கையோடு வந்துவிட்டது. உள்ளே எல்லாம் பசை. பேட்டரியைப் பிடித்து இழுத்தார். அது கீபோர்டையும் இழுத்துக்கொண்டு வந்தது. மறுபடி பொருத்திப் பார்த்தார். ஐந்து ஸ்க்ரூதான் உள்ளே போயின. மீதி ஆறுக்கு ஓட்டையே அகப்படவில்லை.

குணசுந்தரி காய்கறிப் பையோடு வாசலில் நின்றாள்.

"யாரு ஒங்கள இதக் கழட்டச் சொன்னது?"

"கழட்டி மாட்டலாம்னு..."

"கழட்டிட்டீங்க. மாட்டுங்க."

அவர் மாட்டவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். 'ஆமாம்' என்று அழுத்தியதிலிருந்து காடிக் கண்ணாடி வரைக்கும். குணசுந்தரி காய்கறிப் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"பதினோரு மணிக்கு எனக்கு கிளாஸ். இருபத்திரண்டு புள்ளைங்க. அடுத்த வாரம் அதுங்களுக்குப் பரீட்ச" என்றாள். பிறகு, கத்தாமல், "நான் போன்ல சமாளிச்சுக்கறேன். அந்த டீச்சரம்மா ஸ்கூல் காசுல அஞ்சு வாங்கப் போறாங்க, நீங்க பாக்காத ஒண்ண பாத்ததா சொன்னத நம்பி. நாளைக்குப் போயி எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. அன்று அவள் அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்து, குனிந்து குனிந்து இருபடிச் சமன்பாடு நடத்தியதை அவர் சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கடையில் வாழையிலை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். டெனிஸ் சிவப்புச் சட்டையில் இருந்தார், பக்கத்தில் அவர் மனைவி எலைன். நவமணி டிவிக்கு மாட்டும் கேபிளைச் சுருட்டி வைத்திருந்தார். காளிதாசன் மடியில் புது ஸ்க்ரூடிரைவர் டப்பா. மேசைத் தலைமாட்டில் அகத்தா டீச்சர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்.

"சிஃபு வந்துட்டாரு!" என்றார் டெனிஸ். குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

எல்லார் பார்வையும் விக்னேஸ்வரனின் கையில் விழுந்தது. கையில் ஒன்றுமில்லை.

"வாங்க சார், உக்காருங்க. லேப்டாப் காடியிலயா இருக்கு?" என்றார் அகத்தா டீச்சர்.

விக்னேஸ்வரன் உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், எங்கிட்ட லேப்டாப் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. ஏழு மணி நேரம் நிக்கும், லேசா சூடாகும்னு சொன்னதெல்லாம் எவனோ எழுதினதப் படிச்சு நான் சொன்னது. அது நல்ல சாமானாவே இருக்கலாம். ஆனா நான் பாத்ததில்ல. வாங்கப் பயந்து, வாங்கினவங்கள விசாரிக்கலாம்னு பொய் சொல்லி உள்ள வந்தேன். திருட்டும் போகல, கோப்பியும் கொட்டல. காளிதாசன் தம்பி, நீங்க என்ன உள்ள வெச்சாலும் சரி."

யாரும் திட்டவில்லை. காளிதாசன் ஸ்க்ரூடிரைவர் டப்பாவை மேசைக்கு அடியில் நகர்த்தினார். நவமணி ஊறுகாயை உற்றுப் பார்த்தார். டெனிஸ் இல்லாத வியர்வையைத் துடைத்தார். அகத்தா டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"சரி, அதனால என்ன? மத்த மூணு பேர்ல யாரு கொண்டாந்திருக்கீங்க?"

மூன்று பேரும் இலைக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்கள். எலைன் விக்னேஸ்வரனின் இலையில் சோற்றைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"உக்காருங்கண்ணே, சாப்பாட்டுக்கு எத்தன பேருன்னு கேக்கக் காலையில போன் போட்டப்பவே நவமணி அக்காவும் காளிதாசனும் எங்ககிட்டயும் இல்லன்னு சொல்லிட்டாங்க, எங்க வீட்டுக்காரரு இந்தக் குரூப்ப ஆரம்பிச்சதே, கெடாவுல வாங்கின ஆளு ஒருத்தராவது இருக்காரான்னு பாக்கத்தான்!"