பெருமாள்சாமியின் நல்ல கொழுப்பு

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. எங்கள் அலுவலக ஜீப் டிரைவர் சுயம்புலிங்கம் சொன்னது. அவர் வண்டியை மெதுவாகவும் கதையை வேகமாகவும் ஓட்டுகிறவர். அதனால் வளைவுகளில் மட்டும் நான் கொஞ்சம் பிரேக் பிடித்திருக்கிறேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம். சங்கரன்கோவிலில் ஊர்நல அலுவலராக இருந்த பெருமாள்சாமி அண்ணாச்சி, கடற்கரை ஊரான மண்டபத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போனார். போகும்போது ஒரு பை. வரும்போது ஒரு பை, ஒரு சாக்கு, ஒரு கொள்கை.

சாக்கில் இருந்தது காய்ந்த கடல்பாசி. கொள்கை குறிப்பேட்டில் இருந்தது. ‘கடல்பாசியில் நல்ல கொழுப்பு’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். இதயத்துக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது, எண்ணெயைப்போல நெஞ்சைக் கரிக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சாத்தூர் வரை இதையே சொன்னார். அவர் சாத்தூரிலேயே இறங்கிக்கொண்டார். டிக்கெட் எடுத்தது கோவில்பட்டிக்கு.

வீட்டு வாசலில் கோமதித்தாய் நின்றாள். மூக்கு முதலில் சாக்கைப் பார்த்தது. பிறகுதான் கண் புருஷனைப் பார்த்தது.

“என்னதுங்க இது, மீனா? ஆடித்தபசுக்குக் கொடியேறியாச்சு. நான் விரதம். நாத்தத்தை உள்ள கொண்டாராதிய.”

“ஏட்டி, இது மீனில்ல. கடல்ல வளருத செடி.”

“செடின்னா வெளியதான நிக்கணும்? அன்னா, கொல்லையில வைங்க.”

சாக்கு கொல்லைக்குப் போயிற்று. கொள்கை மட்டும் வீட்டுக்குள் வந்தது.

“இன்னைலருந்து இந்த வீட்டுல எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. பாசியில நல்ல கொழுப்பு இருக்கு கோமதி.”

“கொழுப்புக்கா இங்கன பஞ்சம்? மண்டபம் வரைக்கும் போயி வாங்கியாரணுமாக்கும்?”

அவர் சிரிக்கவில்லை. விஞ்ஞானம் பேசும்போது சிரிக்கக் கூடாது என்பது அவர் வழக்கம்.

மறுநாள் காலை கோமதித்தாய் சொன்னபடியே செய்தாள். தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள். எண்ணெய் தொடவில்லை. ஒரு கைப்பிடிப் பாசியைக் கல்லில் வைத்துவிட்டு, கன்னத்தில் கை கொடுத்து உட்கார்ந்தாள்.

“என்னட்டி பண்ணுத?”

“உங்க கொழுப்பு வடியட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கேன். வடிஞ்ச பொறவு தோசை ஊத்துதேன்.”

வடியவில்லை. புகைந்தது. பக்கத்து வீட்டு முருகம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

“ஏட்டி கோமதி! தபசு நாளும் அதுவுமா கருவாடு சுடுதியே, இது நியாயமா?”

“கருவாடு இல்லக்கா. அவுக கொழுப்பு.”

பெருமாள்சாமி அன்று ஆபீசுக்கு வெறும் வயிற்றோடு போனார். ஆனால் நெஞ்சு நிறைந்திருந்தது. நேராக ஆணையாளர் அறைக்குள் போய், வெள்ளிக்கிழமை பனவடலிசத்திரம் மாதர் சங்கக் கூட்டத்தில் நூறு பெண்களுக்குக் கடல்பாசி உருண்டை கொடுக்கப் போவதாக அறிவித்தார். எண்ணெய் இல்லை, நெய் இல்லை, எல்லாம் கடல் தரும் நல்ல கொழுப்பு.

ஆணையாளர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காரணம் உண்டு. போன வருஷம் பெருமாள்சாமி புகையில்லா அடுப்பு விளக்கக் கூட்டம் நடத்தியிருந்தார். கால் மணி நேரத்தில் மேடையில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, அவ்வளவு புகை.

“செய்யுங்க. நல்லா வந்துதுன்னா திருநெல்வேலி மாவட்டக் கூட்டத்துக்கு உங்களைத்தான் பேச அனுப்புவேன். நோட்டீஸ்ல பேரு போடுவோம். இதுவும் புகைஞ்சுதுன்னா குருவிகுளத்துக்கு மாத்திருவேன். அங்க மழையே கிடையாது. பாசி பிடிக்காது.”

பெருமாள்சாமி காதில் விழுந்தது நோட்டீஸ் மட்டும். அச்சில் பெயர்! அவர் குடும்பத்தில் அதுவரை யார் பெயரும் அச்சில் வந்ததில்லை, கல்யாணப் பத்திரிகை தவிர. அதிலும் அவர் பெயரைப் பெருமாள்சமி என்று போட்டுக் காலை வாரியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து உத்தரவு போட்டார். பாசிப்பயறு வறுத்துத் திரித்த மாவு, கருப்பட்டி, அதோடு கடல்பாசிப் பொடி சரிக்குச் சரி.

“எண்ணெய் இல்லாம உருண்டை எப்படிப் பிடிக்கும்? உதிர்ந்துபோகுமே.”

“அதுல இருக்க கொழுப்பே பிடிக்கும்.”

கோமதித்தாய் யோசித்தாள். குருவிகுளம் சேதி முருகம்மாள் மூலம் அவளுக்கு மத்தியானமே வந்திருந்தது. புருஷன் ஊர் மாறுவதில் அவளுக்குச் சம்மதமில்லை. குறிப்பாகக் குருவிகுளத்துக்கு. குடத்தை எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க வேண்டுமோ!

“சரி. செய்துதாரேன். ஆனா ரெண்டு நாளைக்கு அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்கப்பிடாது.”

“பாசியைப் போட்டுத்தான் செய்வியா?”

“பாசியைப் போட்டுத்தான் செய்வேன்.”

“கோமதியம்மன் மேல சத்தியமா?”

“கோமதியம்மன் மேல சத்தியமா, பாசியைப் போடாம ஒத்த உருண்டை பிடிக்க மாட்டேன். போதுமா?”

போதும் என்று நினைத்தார். மனைவி எதிர்த்துப் பேசாமல் சத்தியம் செய்தது கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை. பனவடலிசத்திரத்தில் பந்தல் கொள்ளாத கூட்டம். ஆணையாளர் முன் வரிசையில், எதற்கும் இருக்கட்டும் என்று கையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். உருண்டைகள் வந்தன. பச்சை கலந்த பழுப்பு நிறம், ஏலக்காய் வாசனை. கடல் வாசனை மருந்துக்கும் இல்லை. ஆணையாளர் ஒன்று சாப்பிட்டார். கைக்குட்டையைப் பைக்குள் வைத்தார். இரண்டாவது எடுத்தார். ஜீப் ஓட்டிவந்த சுயம்புலிங்கம் நான்கு சாப்பிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார்.

பெருமாள்சாமி மைக்கைப் பிடித்தார்.

“தாய்மார்களே! இதில் எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை. உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள்!”

நூறு பெண்களும் பார்த்தார்கள். நூறு உள்ளங்கையும் பளபளவென்று மின்னின.

“எங்கேயிருந்து வந்தது இந்தப் பளபளப்பு? அதுதான் கடல் தரும் நல்ல கொழுப்பு!”

கைதட்டலில் பந்தல் ஆடியது. ஆணையாளர் கோமதித்தாயை மேடைக்குக் கூப்பிட்டார்.

“என்னம்மா போட்டீங்க, இவ்வளவு ருசியா?”

“பாசி எட்டுப் படி சார். கருப்பட்டி, சுக்கு, ஏலம்.”

“எண்ணெய் எதுவும்...?”

கோமதித்தாய் புருஷனைப் பார்த்தாள். அவர் மார்பை நிமிர்த்தி நின்றார்.

“அவுக கொழுப்பு மட்டும் இல்லன்னா இந்த உருண்டைக்கு வேலையே இல்ல சார்.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெருமாள்சாமியும் சிரித்தார். மேடையில் வைத்து மனைவி தன்னைப் பாராட்டினால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? திருநெல்வேலிக்கு ஐந்நூறு உருண்டை வேண்டும் என்று ஆணையாளர் அங்கேயே சொல்லிவிட்டார்.

ஜீப்பில் திரும்பும்போது பெருமாள்சாமி மனைவியிடம் கேட்டார். “இப்பமாவது ஒத்துக்கிடுதியா?”

“ஒத்துக்கிடுதேன். பாசி நல்ல பாசி.”

வீடு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போனார். ஐந்நூறு உருண்டைக்குப் பாசி போதுமா என்று பார்க்க வேண்டுமே. பாத்திரம் இறக்க வந்த சுயம்புலிங்கம் பின்னாலேயே போனார்.

சாக்கு அப்படியே இருந்தது. சரிந்து குழிந்த சாக்கின் மேலே, முருகம்மாள் வீட்டுக் கோழி ஒன்று முட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து, ‘யாரது?’ என்பதுபோல் அவரைப் பார்த்தது.

“கோமதீ!”

“சத்தம் போடாதிய. அடை கலைஞ்சிரும். இன்னும் பதினெட்டு நாள் கிடக்கு.”

“அப்பம் உருண்டையில என்னத்தட்டி போட்ட?”

“பாசிதான். பாசிப்பயறு. சத்தியம் பண்ணியிருக்கேன்லா?”

“அந்தப் பளபளப்பு?”

“செக்குல ஆட்டுன நல்லெண்ணெய். கொழுப்பு நல்லதா இருக்கணும்னு நீங்கதான சொன்னிய? பேருலயே ‘நல்ல’ன்னு இருக்க எண்ணெய் வேற எது இருக்கு?”

பெருமாள்சாமி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். நூறு பெண்களின் உள்ளங்கைகளும் கண்முன் மின்னின.

“நான் போய் ஆணையாளர்ட்ட உண்மையைச் சொல்லிருதேன்.”

“சொல்லுங்க. குருவிகுளத்துக்குப் பெட்டியைக் கட்டட்டா, சாக்கையும் சேத்துக் கட்டட்டா?”

அவர் சுயம்புலிங்கத்தைப் பார்த்தார். சுயம்புலிங்கம் கோழியைப் பார்த்தார்.

“அப்ப திருநெல்வேலிக்கு என்ன செய்ய?” என்றார் கடைசியில், சின்னக் குரலில்.

“நான் பேசுதேன். நீங்க தூக்குச்சட்டியைத் தூக்கிட்டு வாங்க.”

அப்படித்தான் நடந்தது. ஆனால் கோமதித்தாய் பொய் சொல்லிப் பேர் வாங்கவில்லை. கோழி இறங்கிய பிறகு சாக்கைப் பிரித்தாள். பாசியை ஐந்து தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இடித்துச் சலித்தாள். உருண்டைக்கு ஒரு சிட்டிகை போட்டாள். மைக்கில் பயறு, நல்லெண்ணெய், கடல்பாசி ஒரு சிட்டிகை என்று ஒளிக்காமல் சொன்னாள். மாவட்டமே எழுதிக்கொண்டது. ஆணையாளர், எண்ணெய் என்ற இடத்தில் மட்டும் பெருமாள்சாமியைத் திரும்பிப் பார்த்தாராம். தட்டிலிருந்த கடைசி உருண்டை அவர் கைக்கு வந்திருந்ததால் வேறொன்றும் கேட்கவில்லையாம். நோட்டீசில் ‘செயல்முறை விளக்கம்: திருமதி பெ. கோமதித்தாய்’ என்று இருந்தது. ‘பெ.’ என்பது நான்தான் என்று பெருமாள்சாமி பந்தலில் எல்லோரிடமும் காட்டினாராம், தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமலே.

சுயம்புலிங்கம் சொன்னதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. கல்லூரி நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். காய்ந்த கடல்பாசியில் கொழுப்பு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு பங்குதான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் உடம்புக்கு நல்ல வகை உண்டு என்பது உண்மை. அண்ணாச்சி வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். ஒரு நிமிஷம் இருங்க என்று அடுப்படிக்குப் போனார்.

திரும்பி வந்து, “சரிதானாம்” என்றார்.