அலோ அண்ணனும் வராத கெட்டிமேளமும்

கள்ளக்குறிச்சியில் காது உள்ள எவரும் அலோ அண்ணனிடமிருந்து தப்பியதில்லை. மைக்செட் வாடகைக்கு விடுபவர். அவர் தொழில் கவிழப் பார்த்த கதை, வரிசைப்படி:

1. கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாணம். மேளக்காரர்கள் கிடைக்கவில்லை. கெட்டிமேளத்தையும் தன் லேப்டாப்பிலேயே போடுவதாக அண்ணன் வாக்குக் கொடுத்தார்.
2. ஐயர் கை காட்டினார். அண்ணன் சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு மேளத்தை அழுத்தினார்.
3. மேளம் வரவில்லை.
4. தாலி ஏறிய நொடியில், அந்தப் பேரமைதியில், மாப்பிள்ளையின் பெரியப்பா தும்மினார்.

தும்மல் காதில் விழக் கூடாது என்பதற்குத்தான் கெட்டிமேளமே. செய்தி சின்னசேலம் வரை போனது. ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மிஞ்சியது மலைமேல் வெள்ளிமலையில் ஒரு கல்யாணம். அங்கேயும் மேளம் லேப்டாப்பில்தான். அதிலும் சொதப்பினால் செட்டை விற்றுவிட வேண்டியதுதான்.

அவர் கடைக்குப் பக்கத்துக் கடையில் நான் கணினி பழுது பார்க்கிறேன். அண்ணன் எதையும் மைக்கில் அறிவிப்பதுபோல்தான் பேசுவார். வாய் திறக்கும் முன் காற்றில் இரண்டு தட்டு தட்டிக்கொள்வார். டீக்கடையிலும் “அலோ, டீ ஒண்ணு, சக்கர கம்மி, சக்கர கம்மி” தான். என்னிடம் வருவதற்குள் ஒயரை மாற்றி, ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து மாட்டி, லேப்டாப்புக்கு எலுமிச்சம்பழமும் கட்டியிருந்தார்.

அந்த லேப்டாப்பில் இருந்தது லினக்ஸ் இயங்குதளம். சவுண்டு கார்டை எது பிடித்துவைத்திருக்கிறது என்று ஒரு வரிக் கட்டளை கொடுத்துப் பார்த்தேன். பிடித்துவைத்திருந்தது பாட்டு போடும் மென்பொருள்.

“பாட்டத்தான் நிறுத்திட்டனேம்மா. அப்பறம் இன்னாத்துக்கு மேளம் வர்ல?”

“நிறுத்துனீங்க, மூடலீங்கண்ணா. எடத்த உடாம ஒக்காந்துகினு இருக்குது.”

“சாப்ட்டு முடிச்சும் எலைய உட்டு எழுந்திருக்காத ஆளு மாறியா?”

“அதேதாங்க.”

வழக்கமாக எல்லா ஒலிகளையும் வாங்கி, கலந்து, சவுண்டு கார்டுக்கு அனுப்ப நடுவில் ஒரு நிரல் உண்டு. அண்ணனே அதை ஒதுக்கிவிட்டு, பாட்டு நேராகக் கார்டுக்குப் போகும்படி மாற்றியிருந்தார். நேராகப் போனால் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் அங்கே இடம்.

“ஏண்ணா மாத்துனீங்க?”

“நடுவுல ஒருத்தன் இருந்தா கமிஷன் அடிப்பாம்மா. மரவள்ளி போட்டு வித்தவன் நானு, புரோக்கர் கதைய எங்கிட்ட சொல்லாத. சவுண்டுல கொறச்சிட்டான்னா?”

“இவன் ஒண்ணும் எடுக்க மாட்டாண்ணா. ரெண்டையும் சேத்துதான் குடுப்பான்.”

பழையபடி மாற்றிவிட்டேன். பாட்டும் மேளமும் ஒன்றாக வந்தன. அண்ணன் நம்பவில்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டி, மண்டியில் மூட்டையை எடை பார்ப்பவர்போல் நெடுநேரம் நின்றார். பிறகு காற்றைத் தட்டினார்.

“அலோ. கொறையல. கொறையல.”

வெள்ளிமலைக்கு நானும் போனேன். தாலி ஏறும்போது பாட்டு, கெட்டிமேளம், “பந்திக்கு வாங்க, பந்திக்கு வாங்க” என்று அண்ணன் குரல், எல்லாம் சேர்ந்து மலையை அதிரவைத்தன. யாராவது தும்மினார்களா என்பது தும்மியவருக்கே தெரிந்திருக்காது.

இப்போதைய நிலவரம்: செட் விற்கப்படவில்லை. வைகாசி முழுக்க அண்ணனுக்கு ஆர்டர். எனக்கு மாப்பிள்ளை இன்னும் அமையவில்லை. மைக்செட் மட்டும் முடிவாகிவிட்டது.