கனடாச் சிரிப்பின் விலை

உலகப் பொருளியலுக்கு யாழ்ப்பாணக் குடாநாடு அளித்த தலையாய கொடை கோப்பாய்ச் சீவரத்தினத்தார்தான் என்பதைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவை எதையும் மெதுவாகத்தான் ஒப்புக்கொள்ளும்.

பொருளாதாரத் தடையால் வெளியிலிருந்து ஒன்றும் வராத தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், சுற்றுவட்டாரத்தில் பிலிம் றோல் இருந்த ஒரே ஸ்ரூடியோ அவருடையது. பொறாமைக்காரர் அதைப் பதுக்கல் என்றார்கள். அவர் 'பொதுச்சேவை' என்றார்.

அடையாள அட்டைப் படம் அறுபது ரூபா. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அனுப்புவதென்றால் சுவிஸ் ஐந்நூறு, லண்டன் ஆயிரம், கனடா ஆயிரத்தைந்நூறு. கமராவும் கதிரையும் கடதாசியும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

"ஒரு ஆள் எவ்வளவு குடுக்க ஏலுமோ அவ்வளவையும் வாங்கிப்போட வேணும். குறைச்சு வாங்கினால் மிச்சச் சந்தோசத்தை வீட்டை கொண்டு போயிடுவினம். அது எங்கடை சந்தோசம்" என்று மனைவிக்கு விளங்கப்படுத்துவார். மனைவி தேங்காய் துருவுவதை நிறுத்தமாட்டா. இந்தத் தத்துவத்துக்குப் பொருத்தமான பெயர்தான் அவருக்கு நெடுநாளாக அகப்படவில்லை.

அடையாள அட்டைக்கென்று எடுத்துக் கனடாவுக்கு அனுப்பும் 'ஒழுக்கக்கேட்டை' ஒழிக்கச் சட்டமும் கொண்டுவந்தார்: பல்லுத் தெரிந்தால் கனடா விலை.

ஒருநாள் குருநகர்ப் பெர்னடெட் மகள் அற்புதராணியோடு வந்தாள். கடற்படை யாரையும் கடலுக்கு இறங்கவிடாத அந்த நாட்களில் கோப்பாய்ச் சந்திக்கு மீன் என்று வருவது அவளுடைய ஒரு கூடைதான்.

"அடையாள அட்டைக்கு, அண்ணை."

"அதுக்கேன் பிள்ளைக்குப் பட்டுச்சீலை, கனகாம்பரம்?"

"அரசாங்கத்துக்கு ஒரு மரியாதைதானே."

அற்புதராணி உம்மென்று இருந்தாள். ஆனால் கமரா கிளிக் என்ற கணத்தில், தாயின் பதிலை நினைத்தாளோ என்னவோ, பளிச்சென்று சிரித்துவிட்டாள்.

"கனடா!" என்று தீர்ப்பளித்தார் சீவரத்தினத்தார்.

"அண்ணை, நாளைக்குக் கொழும்புக்குப் போற ஆளிட்டைப் படத்தைக் குடுக்க வேணும். இந்தச் சம்பந்தம் தவறினால் பிள்ளைக்கு வேறை வழியில்லை. அவ்வளவு காசுக்கு எங்கை போவன்?"

"சிரிச்ச சிரிப்பைத் திருப்பி எடுக்கேலுமோ?"

பெர்னடெட் காதுத் தோட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். கலியாணத்துக்குப் புருசன் யாகப்பு செய்து போட்ட தோடு. அந்த வெறுங்காதைப் பார்க்க அவருக்கும் ஒருமாதிரித்தான் இருந்தது. ஆனால் விஞ்ஞானத்தில் இரக்கத்துக்கு ஏது இடம்?

அடுத்த ஞாயிறு அவருடைய மகளுக்கே சம்பந்தம் பேச நீர்வேலியிலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் தம்பிஐயா மீனில்லாத சோற்றைத் தொடமாட்டார். சீவரத்தினத்தார் காலையில் சந்திக்கு ஓடினார். பெர்னடெட்டின் கூடையில் ஒரேயொரு பாரை மீன் கிடந்தது.

"உது எவ்வளவு?"

"ஆருக்கு, அண்ணை?"

"பூனைக்கு."

"பூனைக்கெண்டால் இருபது ரூபா. தலையும் வாலும் மட்டும் வெட்டித் தாறன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி வாறார்."

"மாப்பிள்ளை எந்த நாடு?"

"கனடா."

"அப்ப என்ரை தோடு."

"ஒரு மீனுக்கோ? கொள்ளை! பகல் கொள்ளை! மனுசர் அந்தரப்படுறது தெரிஞ்சுகொண்டு பிடுங்கிறதோ? உதுக்குப் பேர் கொள்ளையெல்லோ!"

பெர்னடெட் பல்லுத் தெரியச் சிரித்தாள். "ஓம், அண்ணை."

அரை மணித்தியாலத்தில் தோடு காதுக்கு வந்தது, பாரை குழம்புக்குப் போனது. இத்தனை காலமும் தமது தத்துவத்துக்குப் பெயர் தேடி அலைந்த அந்தப் பேரறிஞர், சந்தியில் நாலுபேர் கேட்கத் தாமே அதற்குச் சரியான பெயரை வைத்துவிட்டார்.