துப்பினால்தான் நிபுணர்

மல்லாவி முத்துலிங்கம் கள்ளை விட்டு இரண்டு மாரி கடந்துவிட்டது. அவராக விடவில்லை. மனைவி ஜெகதீஸ்வரி அவரை அம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், கற்பூரம் அணைப்பித்து, "இனிக் குடிக்கமாட்டன்" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். பிரான்சிலிருந்து மைத்துனன் ரஜிதன் வந்து போகும்வரை சத்தியத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

ரஜிதன் நாலு போத்தல் வைன் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தான். சிவப்பில் இரண்டு, வெள்ளையில் இரண்டு. அக்கா அவற்றைக் கூறைச்சேலைக்குப் பக்கத்தில் வைத்து அலுமாரியைப் பூட்டினாள். அன்றிலிருந்து முத்துலிங்கத்தின் உடம்பு வயலில் நின்றது, உயிர் அலுமாரிக்குள் கிடந்தது. தன் வயலுக்கு மருந்தடிக்கப் போனவர் பக்கத்து வயலுக்கு அடித்துவிட்டு வந்தார்.

ஒரு நாள் போனில் ஒரு வீடியோ பார்த்தார். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வைனை வாயில் விட்டார், கொப்பளித்தார், துப்பினார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். முத்துலிங்கம் நேரே குசினிக்குப் போனார்.

"ஜெகா, அந்தப் போத்தலுகளை நான் குடிக்கப் போறேல்லை."

"நல்லது."

"மதிப்பீடு செய்யப்போறன். எந்த ஊர் வைன் திறம், எது மட்டம் எண்டு."

"குடியாமல் எப்பிடித் தெரியும்?"

"நெல்லு வாங்க வாறவன் என்ன செய்யிறவன்? ரெண்டு மணியை வாயில போட்டுக் கடிச்சுப்போட்டுத் துப்புறான். அவன் சோறு திண்டவன் எண்டு சொல்லுவமோ?"

ஜெகதீஸ்வரி சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப துப்புவியள்."

"துப்பாமல்? விழுங்கினவனை உலகத்தில ஒருத்தரும் நிபுணர் எண்டு சொல்லமாட்டினம்."

"அப்ப சரி" என்று அலுமாரித் திறப்பை எடுத்துக் கொடுத்தாள்.

இவ்வளவு லேசாகக் கிடைத்ததே என்று முத்துலிங்கம் கொஞ்சம் யோசித்திருக்கலாம். சந்தோசம் விடவில்லை. ஒரு பங்கு துப்பி ஒன்பது பங்கு விழுங்குவதென்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டாவது நிபுணராக நெல் மில்காரர் ஐயாத்துரை வந்தார், தலைக்குக் குளித்து, திருநீறு பூசி. தேத்தண்ணிக் கிளாஸ்கள் பளபளத்தன. முத்துலிங்கம் முதல் போத்தலைத் திறந்ததும், ஜெகதீஸ்வரி இரண்டு சருவச்சட்டிகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாக முன்னால் வைத்தாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு எதிரே இருந்தாள்.

"நீர் ஏன் மினக்கெடுறீர்? போய் வேலையைப் பாருமன்."

"இதுதான் வேலை. உங்கட குரல்வளை ஏறி இறங்குதோ எண்டு பாக்கப்போறன்."

முதலில் பிரான்சின் பூர்தோ ஊர்ச் சிவப்பு. ஒரு வாய் விட்டதும் முத்துலிங்கத்துக்குக் கண் சொருகியது. இரண்டு மாரித் தாகம். நாக்கு விடமாட்டேன் என்றது.

"துப்புங்கோ."

துப்பினார்.

"நாவற்பழ வாசம்" என்றார், அழுகிற குரலில். "மழை பெய்ஞ்ச வயல் மாதிரி."

ஐயாத்துரை இரண்டு கன்னமும் உப்ப, சாமி கும்பிடுகிறவர்போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்களும்தான்."

"ம்ம்."

"கதைக்க வேண்டாம். துப்பிப்போட்டுக் கதையுங்கோ. மில்லில நெல்லுக் கடிச்சுத் துப்பிப் பழக்கமெல்லோ."

அவரும் துப்பினார். அல்சாஸ் வெள்ளை வந்தது. தேசிக்காய்ப் புளிப்பு வாசம் என்று இருவரும் தீர்ப்புச் சொல்லித் துப்பினார்கள். ஸ்பெயின் சிவப்பு தொண்டை வாசல்வரை போய்விட்டது. முத்துலிங்கம் இருமுகிறமாதிரிப் பாவனை செய்து விழுங்கப் பார்த்தார். ஜெகதீஸ்வரி எழும்பி வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்ட, முழுவதும் சட்டிக்குள் வந்து விழுந்தது. ஜெர்மன் வெள்ளைக்கு அவர் போராடவேயில்லை.

அந்த நேரம் பார்த்து ஐயாத்துரையின் மனைவி விமலேஸ்வரி படலையைத் திறந்துகொண்டு வந்தா. ஆள் ஆடி ஆடித்தான் வீட்டுக்கு வருமென்று கூட்டிப்போக வந்தவா, இரண்டு சட்டியையும் பார்த்து அசந்துபோய் நின்றா.

"துப்புக்கெட்ட மனுசன் எண்டெல்லோ இவரை நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றா. "என்ன வடிவாத் துப்பியிருக்கிறார்."

"ரெண்டு பேரும் நிபுணர்மார், அக்கா. இருங்கோ" என்ற ஜெகதீஸ்வரி கணவனைப் பார்த்தாள். "முடிவைச் சொல்லுங்கோ. எது திறம்?"

முத்துலிங்கம் நிமிர்ந்து இருந்தார். மரியாதையாவது மிஞ்சட்டும்.

"ஸ்பெயின் சிவப்பு. அதுக்குக் கிட்ட ஒண்டும் நிக்கேலாது."

"வடிவாத் தெரியுமோ?"

"நிபுணர் சொல்லுறன்."

ஜெகதீஸ்வரி ஸ்பெயின் போத்தலை எடுத்தாள். இரண்டு புதுக் கிளாஸில் விளிம்புமட்டும் வார்த்தாள். ஒன்று விமலேஸ்வரிக்கு, ஒன்று தனக்கு. பாரிசில் பொம்பிளைகளும் சாப்பாட்டோடு குடிக்கிறவை என்று தம்பி சொன்னவன் என்றபடி, ஒரே மூச்சில் அரைக் கிளாஸை உள்ளே இறக்கினாள்.

முத்துலிங்கம் பதறிப்போய்ச் சருவச்சட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"ஜெகா, துப்ப வேணும்."

"அது நிபுணர்மாருக்கு. எங்களுக்கு என்ன தெரியும்?"

விமலேஸ்வரி தன் கிளாஸை முடித்து, வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்து, ஆழ்ந்து யோசித்துவிட்டு நீட்டினா.

"எனக்கு இன்னும் ஒண்டும் விளங்கேல்லை, தங்கச்சி. இன்னொருக்கா விடும்."