கமாவையும் விடாமல் மிளகு படித்த விவரம்

பேரன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், வீட்டுக்காரி, மிளகு மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் அத்தானுடைய முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். போன மாதம் நீ அனுப்பிய நான்கு பக்கப் புத்திமதி கிடைத்தது. அதன்படி நடந்தேனா என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில், கொஞ்சம் நீளும், உட்கார்ந்துகொண்டு படி.

இரண்டாம் வகுப்பில் இருக்கும் என் மகள் மிளகு வாய்ப்பேச்சில் யாருக்கும் சளைத்தவள் இல்லை என்பது உனக்கே தெரியும். ஆனால் புத்தகத்தைக் கொடுத்தால் முதல் எழுத்தைப் பார்ப்பாள், பக்கத்துப் படத்தைப் பார்ப்பாள், மீதியைச் சொந்தமாகத் தயாரித்துவிடுவாள். ‘கன்றுக்குட்டி கயிற்றை மென்றது’ என்று அச்சாகியிருக்கும், இவள் ‘கன்றுக்குட்டி கடைக்குப் போனது’ என்று துளி சந்தேகம் இல்லாமல் படிப்பாள். வகுப்பு டீச்சர் கூப்பிட்டனுப்பினார். மாதக் கடைசியில் வாசிப்பு நாளாம், ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோர் முன்னால் ஒரு பக்கம் படிக்க வேண்டுமாம், சரியாகப் படிக்காதவர்கள் வாசிப்பு வகுப்புக்கு மட்டும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு போய் உட்கார வேண்டுமாம். மிளகு அன்றைக்குச் சாப்பிடவில்லை. “ஒன்னாங்கிளாஸ்ல எல்லாருக்கும் மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கும்பா, நான் போகமாட்டேன்” என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

இருபத்திரண்டு வருடமாக அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன் நான். ஊரார் பிழையையெல்லாம் திருத்துகிறவன் வீட்டிலேயே பிழையா என்று ரோஷம் வந்துவிட்டது. அன்று மாலையே அவளை எதிரில் உட்காரவைத்து, சிவப்புப் பேனாவும் கையுமாக ஆரம்பித்தேன். ஆறு வரிக்குள் முப்பத்தொரு இடத்தில் நிறுத்தினேன். இரண்டாம் நாள் அவள் குரல் கொசுவின் குரல் அளவுக்கு இறங்கிப்போனது. மூன்றாம் நாள் புத்தகத்தோடு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள், நான் குனிந்து அங்கேயும் திருத்தினேன். “அவ தப்பா படிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க ‘ம்ஹூம்’ங்கிறீங்க, புள்ளைய விடுங்க” என்று வீட்டுக்காரி பேனாவைப் பிடுங்கி மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். அப்போதுதான் உனக்கு எழுதினேன்.

நீ என்ன எழுதினாய்? பிள்ளை வாக்கியத்தை முடிக்கிறவரை வாயைத் திறக்காதே, தப்பாகப் படித்தால் மனதுக்குள் ஐந்து எண்ணு, தானே திருத்திக்கொள்ள விடு, அதற்கு மேலும் போனால் ‘இன்னொரு தடவை பாரு’ என்று மட்டும் சொல், அவ்வளவுதான் என்று எழுதினாய். சொல்வது சுலபம் அக்கா. வாயைத் திறக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொள்வது. அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புத்தகத்தின் மூன்றாவது வரியில் தூங்கிக்கொண்டிருந்த யானையை இவள் எழுப்பிக் குளிக்க அனுப்பிவிட்டாள். நான் முழியை உருட்டிக்கொண்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன், அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “சார், ஏணி இருக்குங்களா?” என்கிறார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சட்டை, புத்தகம், யானை எல்லாம் குளித்தாயிற்று. அவர் ஏணி கேட்டு இனி நம் வீட்டுப் பக்கம் வரமாட்டார், அது போகட்டும். மிளகு சிரிக்கவில்லை அக்கா. “நான் தப்பா படிச்சேன்னு துப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் அச்சகத்தில்தான் பொறி தட்டியது. எங்கள் இடத்தில் ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாகப் படிப்பார், நான் அச்சுத்தாளில் கண்ணை ஓட்டிக்கொண்டே போவேன். சொற்களோடு கமா, புள்ளி, மேற்கோள், புது பாரா எல்லாவற்றையும் சொல்லித்தான் அவர் படிக்க வேண்டும். ஏதாவது ஒத்துப்போகவில்லை என்றால் நான் மேசையை ஒரு தட்டு தட்டுவேன், அவர் மறுபடி படிப்பார், யாருக்கும் யார் மேலும் கோபம் கிடையாது. கமாவைக்கூட விடாமல் பார்க்கிறவள் சொல்லை எப்படி ஊகிப்பாள்? அதே புத்தகத்தில் இன்னொரு பிரதி எனக்கென்று வாங்கிவந்தேன். “இன்னையிலருந்து நீ என் ஆபீஸ்ல வேலை பாக்கறே” என்றேன். “அப்ப எனக்குப் பெரிய டிபன் பாக்ஸ் வேணும்” என்றாள். முதல் நாள் இருபது தட்டு, ஒரு வாரத்தில் ஐந்து, பத்தாம் நாள் மேசை சும்மா கிடந்தது. வீட்டில்தான் கொஞ்சம் சிரமம். “அம்மா கமா பசிக்குது புள்ளி” என்பாள். இரண்டே நாளில் வீட்டுக்காரியும் “கை கழுவிட்டு வா கமா போடறேன் புள்ளி” என்று பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

வாசிப்பு நாள் வந்தது. மண்டபம் நிறையப் பெற்றோர். மிளகு மைக் முன்னால் போய் நின்றாள். மேடையில் கமாவைச் சொல்லாதே என்று அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “தலைப்பு, தடித்த எழுத்து, நடுவில்” என்று ஆரம்பித்தாள். முன்வரிசை சிரித்தது. “காக்கை சொன்னது கமா மேற்கோள் ஆரம்பம்” என்றாள். மண்டபமே சிரித்தது, தலைமையாசிரியை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பிள்ளை உடைந்துபோவாளே என்று எனக்கு உயிரே இல்லை. நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் போனவளைப் பெற்றவன்தானே. முடியாமல், கையோடு கொண்டுபோயிருந்த என் பிரதிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவளோ சிரிப்பு அடங்கும்வரை நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, “பக்க எண் பதினேழு” என்றும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். “ஒரு எழுத்துகூட விடல. கூடுதலா படிச்சதுதான் ஜாஸ்தி” என்றார் டீச்சர். ஒன்றாம் வகுப்பு ஆபத்து நீங்கியது. அந்த நேரம் பார்த்து என் கண்ணில் தூசி விழுந்துவிட்டதால் மற்றதைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அடுத்து வந்த பதினொரு பிள்ளைகளும் கமாவோடுதான் படித்தார்கள் என்பது மட்டும் காதில் விழுந்தது.

ஆகவே அக்கா, கோபித்துக்கொள்ளாதே, முப்பது வருடம் பாடம் நடத்திய உன் முறை தோற்றது, என் அச்சக முறை ஜெயித்தது. உன் பள்ளியிலும் இதைக் கொண்டுவரலாம். வேண்டுமானால் நானே நேரில் வந்து விளக்குகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம், அவர் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம். பிள்ளைகளுக்கு எங்கள் மனம் நிறைந்த ஆசி.

இப்படிக்கு,
உன் சொல்பேச்சைக் கேட்காத தம்பி

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் வழக்கப்படி மிளகை இதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படிக்கிறவர் மேசையைத் தட்டும் வழக்கம் எங்கள் அச்சகத்தில் இல்லை. இவள் மூன்று இடத்தில் தட்டினாள். ஆறு வரிக்குள் நான் நிறுத்தியது முப்பத்தொரு இடம் இல்லையாம், நாற்பத்திரண்டாம், அவள் எண்ணினாளாம். அடுத்தது தூசி. “தூசி இல்ல கமா நீங்க அழுதீங்க புள்ளி” என்றாள். மூன்றாவது தட்டு, என் முறை ஜெயித்தது என்ற இடத்தில். “கமாவால எல்லாம் இல்லப்பா. முன்னாடி நான் படிக்கும்போது என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருப்பீங்க. டீச்சரும் அப்படித்தான். உங்க மூஞ்சி மாறுதான்னு நானும் உங்களையே பாப்பேன், அப்புறம் வாய்க்கு வந்ததச் சொல்லிடுவேன். ஆபீஸ்ல நீங்க உங்க புக்கப் பாத்தீங்க. நான் என் புக்கப் பாத்தேன். மேடைலயும் நீங்க புக்கத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்க.”

உறையை ஒட்டாமல் பேனாவை மறுபடி எடுத்தேன். ஆகவே அக்கா, மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடவும். உன் முறைதான் சரி, வாயோடு முகத்தையும் சேர்த்து மூடியிருக்க வேண்டும். இந்த வரியையும் மிளகு படித்தாள். மேசையைத் தட்டவில்லை.