பதினாலாம் நம்பர் கேமராவில் ஒரு வழுக்கை

ஞாயிற்றுக்கிழமை கோடௌன் பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கிற இடத்துப் பதிவில் ஓர் ஆள் நடந்து போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மாதம் ஒருமுறை வந்து கேமராக்களைத் துடைத்து, வயர்களைச் சோதித்து, பதிவு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகும் கேமராக்காரருக்கு நன்றாகவே வந்தது.

பதினாலாம் நம்பர் கேமரா, யாரும் எட்டிப் பார்க்காத கடைசி வரிசையின் உச்சியில் இருப்பது. அதில் மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒருவன் வருகிறான். இந்தப் பக்கம் பார்க்கிறான், அந்தப் பக்கம் பார்க்கிறான். ரேக்குக்குப் பின்னால் குனிந்து இரண்டு நிமிடம் என்னவோ செய்கிறான். எழுந்து, எதையோ பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி போய்விடுகிறான். மேல்சட்டையை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. உள்ளே நுழைகிற எல்லோருக்கும் கேட்டில் அதைத்தான் மாட்டி விடுவார்கள். முகமும் விழவில்லை. விழுந்ததெல்லாம் உச்சந்தலையில் சாஸர் அளவுக்கு ஒரு வழுக்கை.

தேதி தப்பாக இருக்குமோ என்கிற பேச்சுக்கே இடமில்லை. போன முறை வந்தபோதுதான் பதிவுப் பெட்டிக்குப் புது பேட்டரி போட்டு, தேதியை அவரே தம் கையால் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முதலாளிக்கு ஃபோன் போட்டார். சபாஷ் கிடைக்கும் என்று நினைத்தவருக்குக் கெடுதான் கிடைத்தது.

"பூட்டின கோடௌனுக்குள்ள ஒருத்தன் உலாத்திட்டுப் போயிருக்கான், அத ஒரு மாசம் கழிச்சு வந்து சொல்றே. சனிக்கிழம நேர்ல வர்றேன். அதுக்குள்ள ஆளக் காட்டு. இல்லன்னா என்னோட மூணு கோடௌனையும் வேற ஆள் பாத்துக்கட்டும்."

கேமராக்காரர் வீட்டில் அடுப்பெரிவது அந்த மூன்று கோடௌனால்தான். நான்காவது என்று ஒன்று அவருக்குக் கிடையாது.

படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்துக்கொண்டு விசாரணையில் இறங்கினார். ஸ்டோர் கீப்பர் படத்தை ஒரு பார்வை, இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதை ஏன் தன்னிடம் வந்து கேட்க வேண்டும் என்று சொல்லி நகர்ந்துவிட்டார். பெட்டி ஏற்றுகிறவர்களிடம் நீட்டினால் ஒருவருக்கு இருமல் வந்தது, இன்னொருவருக்குத் தாகம் எடுத்தது. கேட்டில் உட்காரும் அக்கா மட்டும்தான் வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை ஈ காக்கை உள்ளே போகவில்லை, வேண்டுமானால் எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்கிறேன் என்றார். கேமராக்காரருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. மொத்தக் கோடௌனும் கூட்டு.

இனிமேல் கேட்டுப் பிரயோஜனமில்லை, பார்த்துவிடுவது என்று வெள்ளிக்கிழமை காலை எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துத் தொப்பியைக் கழற்றிக் குனியச் சொன்னார். தம் நெற்றியில் புரளும் முடியைக் கோதிவிட்டுக்கொண்டே ஒவ்வொரு தலையாகப் பார்த்து வந்தார். இத்தனை நாள் தொப்பியே கழற்றாத ஸ்டோர் கீப்பர் மேல்தான் அவருக்குக் கண். கழற்றினால் உள்ளே காடு மாதிரி முடி. இருபது வருஷமாகச் சாவி வைத்திருக்கிறவனைத் தலை குனிய வைத்துவிட்டாயே என்று சாவிக்கொத்தை மேஜைமேல் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். வாசலில் மூன்று லாரிகள் சரக்கு ஏறாமல் நின்றன. முதலாளி ஃபோனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஆனால் கடைசியாக நின்ற ஃபோர்க்லிஃப்ட் டிரைவரின் உச்சந்தலையில் வழுக்கை இருந்தது. சாஸர் அளவு.

"ரெண்டு புள்ளைங்க படிக்குது சார். இந்த வேலை போனா நான் எங்க போவேன்?" என்றார் டிரைவர்.

கேமராக்காரருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தம் வீட்டு அடுப்பை நினைத்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை முதலாளி வந்து மானிட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவருக்கு வாக்கி டாக்கியை எந்தப் பக்கம் அழுத்துவது என்று தெரியாததால் கேட் அக்கா பக்கத்தில் நின்றார். இன்னொரு வாக்கி டாக்கியோடு கேமராக்காரர் கடைசி வரிசையில் டிரைவரோடு நின்றார். ஏற்பாடு இதுதான். பழைய பதிவு ஒரு பாதியில் ஓடும். மறுபாதியில் டிரைவர் அதே இடத்தில் அதையே செய்ய வேண்டும். தலையும் நடையும் ஒத்துப்போனால் டிரைவரின் சீட்டு கிழிந்தது.

டிரைவருக்குச் சுட்டுப் போட்டாலும் வரவில்லை. வலது பக்கம் பார்த்தால் இடது பக்கம் மறந்துபோகிறது. ரேக்குக்குப் பின்னால் குனிந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே முழித்தார். என்னமாய் நடிக்கிறான் என்று கேமராக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, அவருக்கு வரல. நீங்களே ஒரு தடவ செஞ்சு காட்டுவீங்களாம், முதலாளி சொல்றாரு," என்றது வாக்கி டாக்கி.

அந்தப் பதிவை ஐம்பது முறை பார்த்தவருக்கு அது ஒரு பெரிய காரியமா? வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ரேக்குக்குப் பின்னால் குனிந்தார். கை பழக்கத்தில் அங்கிருந்த வயர் இணைப்பைத் திருகி இறுக்கியது. எழுந்து, ஸ்க்ரூடிரைவரைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு நடந்தார்.

இவ்வளவு சுலபம், இது உனக்கு வரவில்லையா என்று டிரைவரிடம் கேட்டார். டிரைவர் அவருடைய உச்சந்தலையைப் பார்த்தார், பிறகு கேமராவை அண்ணாந்து பார்த்தார். வாக்கி டாக்கியில் கேட் அக்காவின் குரல் மெதுவாக வந்தது.

"அண்ணே, ஆள் கெடச்சாச்சாம். அது ஞாயித்துக்கிழமையே இல்லயாம், போன தடவ நீங்க வந்து பேட்டரி போட்ட நாளாம். டிரைவர வேலைக்குப் போகச் சொல்லிட்டு, நீங்க மட்டும் அப்படியே நில்லுங்க. முதலாளி அங்கதான் வர்றாரு."